ஜாவா கேள்வி–பதில்: இன்டர்செப்டரில் எடுத்த மதிப்பை எங்கே வைப்பது?

இம்முறை வந்திருந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஜாவாவில் வலைச் செயலிகள் எழுத உதவும் ஸ்பிரிங் எம்.வி.சி.யின் இன்டர்செப்டரைப் பற்றியவை. கோரிக்கை, அதற்குப் பதில் தரும் கிளாஸான கன்ட்ரோலரைச் சென்றடையும் முன் அதை நிறுத்திப் பார்க்கும் அந்த இடத்தில் நாம் கண்டெடுத்த ஒரு மதிப்பை, அதன் பிறகு இயங்கும் நிரலுக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதே ஏறத்தாழ எல்லாருடைய கேள்வியும். மற்றத் தலைப்புகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (பெருங்குடி வாசகி): எங்கள் வாடிக்கையாளர் ஒரு துணிக்கடைக்காரர். தியாகராய நகர், புரசைவாக்கம், குரோம்பேட்டை என மூன்று கிளைகளுக்கும் ஒரே பில்லிங் செயலி. ஒவ்வொரு கோரிக்கையோடும் வரும் அடையாளச் சீட்டான டோக்கனிலிருந்து கிளைக் குறியீட்டை, கன்ட்ரோலருக்கு முன் ஓடும் ப்ரீஹேண்டில் மெத்தடில் எடுத்து, இன்டர்செப்டரின் ஒரு ஃபீல்டில் (ஆப்ஜெக்ட்டுக்குள் இருக்கும் மாறியில்) வைத்து, கன்ட்ரோலர் அதைக் கெட்டர் மூலம் படித்துக்கொள்ளுமாறு எழுதியிருக்கிறோம். சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. சனிக்கிழமை மாலைகளில் மட்டும் தி.நகர் பில்கள் சில குரோம்பேட்டைக் கணக்கில் ஏறிவிடுகின்றன. ஏன்?

பதில்: டோக்கனிலிருந்து குறியீட்டை எடுப்பதில் நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, எடுத்ததை வைத்த இடம்தான் தவறு. செயலி தொடங்கும்போது இன்டர்செப்டர் ஒரே ஒரு முறை உருவாகிப் பதிவாகிறது. அதன் பிறகு வரும் எல்லாக் கோரிக்கைகளும் அந்த ஒரே ஆப்ஜெக்ட்டின் வழியாகத்தான் போகின்றன. செயலியை ஓட்டும் சர்வரான டாம்கேட்டோ ஒவ்வொரு கோரிக்கையையும் தன் த்ரெட் தொகுப்பிலுள்ள ஒரு த்ரெட்டிடம், அதாவது தனியே ஓடும் ஒரு செயலிழையிடம், ஒப்படைக்கிறது. அமைப்பை நீங்கள் மாற்றாத வரை அந்தத் தொகுப்பில் 200 த்ரெட்கள் வரை இருக்கலாம். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஒற்றைச் சிலேட்டாக உங்கள் ஃபீல்டு இருக்கிறது.

நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். தி.நகர் கவுண்டரிலிருந்து ஒரு பில் வருகிறது. அதை ஏற்ற த்ரெட், ப்ரீஹேண்டிலுக்குள் நுழைந்து ஃபீல்டில் தி.நகர்க் குறியீட்டை எழுதிவிட்டுக் கன்ட்ரோலரை நோக்கிப் போகிறது. அது கெட்டரை அழைப்பதற்குள், கண்ணிமைக்கும் நேரத்தில், குரோம்பேட்டையிலிருந்து வந்த வேறொரு கோரிக்கையின் த்ரெட் அதே ஃபீல்டில் தன் குறியீட்டை எழுதிவிடுகிறது. இப்போது முதல் த்ரெட் கெட்டரை அழைத்தால் அதற்குக் கிடைப்பது குரோம்பேட்டை. இதில் எக்செப்ஷன் எதுவும் எழாது, லாகிலும் ஒரு வரி விழாது, ஏனெனில் ஜாவாவின் பார்வையில் நடந்த ஒவ்வொன்றும் முறையான செயலே. இரண்டு கோரிக்கைகள் அந்த மிகச் சிறிய இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் பிழை வெளிப்படும் என்பதால், தன் கணினியில் தனியாக உட்கார்ந்து சோதிப்பவருக்கு அது தெரியவே தெரியாது; மூன்று கடைகளிலும் கூட்டம் சேரும் சனிக்கிழமை மாலையில்தான் தலைகாட்டும்.

இதற்கு வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியங்கள் மூன்று, மூன்றும் பலிக்காது. ஃபீல்டை வாலடைல் ஆக்கினால், தவறான மதிப்பு இன்னும் உடனடியாக மற்ற த்ரெட்டுக்குத் தெரியும், அவ்வளவுதான். செட்டரையும் கெட்டரையும் சிங்க்ரனைஸ்டு ஆக்கி, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே நுழையுமாறு செய்தாலும் எழுதுவதற்கும் படிப்பதற்கும் இடையே உள்ள நேரம் திறந்தேதான் கிடக்கிறது. அந்த நேரம் முழுவதையும் பூட்டினாலோ, மூன்று கடைகளுக்கும் சேர்த்து ஒரு நேரத்தில் ஒரு பில்தான் போட முடியும். கேட்கும்போதெல்லாம் புதிய ஆப்ஜெக்ட் தரும் புரோட்டோடைப் ஸ்கோப்புக்கு இன்டர்செப்டரை மாற்றுவதும் பயன் தராது, ஏனெனில் பதிவேட்டில் அது ஒரே முறைதான் சேர்க்கப்படுகிறது. சேர்க்கப்பட்ட அந்த ஓர் ஆப்ஜெக்ட்தான் கடைசி வரை உழைக்கும்.

மதிப்பு யாருடையது என்று கேட்டுக்கொண்டால் விடை தானாக வரும். கிளைக் குறியீடு அந்தக் கோரிக்கைக்கு உரியது. ஆகவே அது கோரிக்கையின்மீதே இருக்க வேண்டும். ப்ரீஹேண்டிலுக்கு முதல் அளவுருவாக வரும் ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட்டில் செட் அட்ரிப்யூட் மெத்தடை அழைத்து, ஒரு பெயரின் கீழ் குறியீட்டை வையுங்கள். கன்ட்ரோலர் மெத்தடின் அளவுருவுக்கு முன்னால், ஸ்பிரிங் 4.3 முதல் கிடைக்கும் ரிக்வெஸ்ட் அட்ரிப்யூட் என்ற அனோடேஷனை, அதாவது ஸ்பிரிங்குக்கான குறிப்பை, அதே பெயருடன் இட்டால், மதிப்பு நேராக அங்கே வந்து விழும். பெயரை இரண்டு இடங்களிலும் கையால் தட்டாமல் ஒரு மாறிலியாக வைத்து, அதன் முன்னால் உங்கள் பேக்கேஜ் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கும் டாம்கேட்டும் தங்கள் காரியங்களுக்கு இதே அட்ரிப்யூட் பட்டியலைத்தான் பயன்படுத்துகின்றன. மதிப்பு வைக்கப்படாத பாதையில் அந்தக் கன்ட்ரோலர் அழைக்கப்பட்டால் பயனருக்கு 400 என்ற நிலைக் குறியீடு போகும். பில்லிங் செயலியில் அது நல்லதே. கிளை தெரியாத பில் பதிவாவதைவிட மறுக்கப்படுவது மேல்.

டோக்கனிலிருந்து எடுத்ததைப் புதிய ஹெடராகத் திணிக்க நினைப்பவர்களுக்கும் இங்கேயே ஒரு சொல். ஹெடரையும் பாராமீட்டரையும் வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் அனுப்ப முடியும். அட்ரிப்யூட்டைச் சர்வருக்குள் இருக்கும் நிரல் மட்டுமே வைக்க முடியும். சரிபார்த்த பிறகு கிடைத்த மதிப்புக்கு உரிய இடம் பின்னதே.

நாற்பது கன்ட்ரோலர் மெத்தட்களில் இதே அனோடேஷனை எழுதச் சலிப்பாக இருந்தால், ஹேண்ட்லர் மெத்தட் ஆர்க்யுமென்ட் ரிசால்வர் என்ற இன்டர்ஃபேஸை ஒருமுறை எழுதிப் பதிவுசெய்துவிடலாம். கிளை என்று ஒரு சிறு கிளாஸ் வைத்துக்கொண்டு, எந்த மெத்தட் அந்த வகையில் ஓர் அளவுருவைக் கேட்டாலும் அட்ரிப்யூட்டிலிருந்து எடுத்துக் கொடுக்குமாறு அதற்குச் சொல்லிவிட்டால் போதும். சர்வீஸ் அடுக்குக்கு மட்டும் ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட்டைக் கொண்டுபோகாதீர்கள். கிளையை ஓர் அளவுருவாக வெளிப்படையாக அனுப்புங்கள். ரிக்வெஸ்ட் ஸ்கோப் உள்ள பீன் ஒன்றை, அதாவது கோரிக்கைக்கு ஒன்றாக ஸ்பிரிங் உருவாக்கித் தரும் ஆப்ஜெக்ட்டை, வைத்து இதைத் தவிர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது வேலை செய்யும். ஆனால் இரவு ஓடும் கணக்குமுடிப்பு நிரல் அதே சர்வீஸை அழைக்கும்போது அங்கே கோரிக்கை என்று ஒன்றே இருக்காது என்பதால், நான் அளவுருவையே விரும்புகிறேன்.

கேள்வி (கிண்டி வாசகர்): பயனர்கள் கைப்பேசி எண்ணை இடைவெளி விட்டும், முன்னால் 91 சேர்த்தும் அனுப்புகிறார்கள். இன்டர்செப்டரிலேயே அந்தப் பாராமீட்டரைத் திருத்திவிடப் பார்த்தேன். கெட் பாராமீட்டர் மேப் தரும் மேப்பில் எழுதப் போனால் எக்செப்ஷன் வருகிறது. வேறு வழி உண்டா?

பதில்: அந்த மேப்பை மாற்ற முடியாது என்பது சர்வ்லெட் வரையறையிலேயே உள்ள விதி, டாம்கேட் அதைப் பூட்டித்தான் தருகிறது. திருத்திய மதிப்புகளோடு வேறொரு ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட்டை உருவாக்கினாலும், இன்டர்செப்டரிலிருந்து அதை முன்னே அனுப்ப வழியில்லை. ப்ரீஹேண்டில் திருப்பித் தரக்கூடியது ஆம் அல்லது இல்லை என்ற ஒற்றை விடை மட்டுமே. ஸ்பிரிங்குக்கு முன்பே கோரிக்கையைப் பிடித்துப் பார்க்கும் ஃபில்டருக்குத்தான் அந்த வசதி உண்டு. அங்கே எச்.டி.டி.பி. சர்வ்லெட் ரிக்வெஸ்ட் ராப்பரை நீட்டித்து எழுதிய உங்கள் சொந்த ஆப்ஜெக்ட்டைச் சங்கிலியின் அடுத்த கண்ணிக்குக் கொடுக்கலாம். அப்படி எழுதும்போது கெட் பாராமீட்டரை மட்டும் மாற்றிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று திகைப்பவர்கள் பலர். ஸ்பிரிங், பாராமீட்டர்களை ஆப்ஜெக்ட்டில் நிரப்பும் தன் பைண்டிங் வேலைக்குக் கெட் பாராமீட்டர் நேம்ஸ், கெட் பாராமீட்டர் வேல்யூஸ் ஆகியவற்றையே பார்க்கிறது. மேப்பைத் தரும் மெத்தடையும் சேர்த்து நான்கையும் ஒரே மாதிரி எழுத வேண்டும்.

ஆனால் ஒரு கைப்பேசி எண்ணுக்காக இவ்வளவு தேவையா என்று யோசியுங்கள். எண்ணுக்கென்று தனி வகை ஒன்றை வைத்து, வந்த எழுத்தை அந்த வகைக்கு மாற்றும் கன்வர்ட்டர் ஒன்றை எழுதினால், எந்தக் கன்ட்ரோலருக்கு வந்தாலும் எண் சீராகவே வரும். கோரிக்கை ஜேசன் என்ற தரவு வடிவத்தில் உடலோடு வருமானால் இன்டர்செப்டரில் கைவைக்கவே வேண்டாம். அந்த ஸ்ட்ரீமை ஒருமுறைதான் படிக்க முடியும். நீங்கள் படித்து முடித்துவிட்டால், கன்ட்ரோலருக்குக் கோரிக்கையின் உடல் காணவில்லை என்ற பிழையே மிஞ்சும். கன்டென்ட் கேஷிங் ரிக்வெஸ்ட் ராப்பர் இதைத் தீர்க்கும் என்று நம்புபவர்கள் ஏமாறுவார்கள்: கன்ட்ரோலர் படிக்கும்போது அதன் நகலைச் சேர்த்துவைத்து, பிற்பாடு லாகில் எழுத உதவுவதுதான் அதன் வேலை, முன்கூட்டிப் படித்ததை மறுபடி ஊற்றித் தருவது அன்று.

கேள்வி (அம்பத்தூர் வாசகர்): ப்ராப்பர்ட்டீஸ் கோப்பிலுள்ள மதிப்பை வேல்யூ அனோடேஷன் மூலம் இன்டர்செப்டருக்குள் கொண்டுவந்தால் அது எப்போதும் நல் ஆகவே (மதிப்பே இல்லாமல்) இருக்கிறது. மேலும், நிர்வாகப் பக்கங்களுக்கு ஒரு வரம்பும் பொதுப் பக்கங்களுக்கு வேறு வரம்புமாக ஒரே இன்டர்செப்டரை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: இன்டர்செப்டர்களைப் பதிவுசெய்யும் ஆட் இன்டர்செப்டர்ஸ் மெத்தடுக்குள் நியூ என்று எழுதி நீங்களே ஆப்ஜெக்ட்டை உருவாக்கியிருப்பீர்கள். ஸ்பிரிங் உருவாக்காத ஆப்ஜெக்ட்டில் ஸ்பிரிங் எதையும் நிரப்பாது. இன்டர்செப்டரை பீன் ஆக அறிவித்து, கான்ஃபிகரேஷன் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்கிப் பதிவுசெய்யுங்கள்.

இரண்டாவது தேவைக்கு நியூ என்பதே வசதி. முதல் கேள்வியில் ஃபீல்டே கூடாது என்று சொன்னதாக எண்ணிவிட வேண்டாம்: தொடக்கத்தில் ஒருமுறை கன்ஸ்ட்ரக்டரில் வாங்கி, ஃபைனல் என்று அறிவித்து, பிறகு மாறவே மாறாத வரம்பு போன்ற மதிப்பு இன்டர்செப்டருக்கே உரியது, அது ஃபீல்டில் இருப்பதுதான் சரி. ஒரே கிளாஸிலிருந்து வேறு வேறு வரம்புகளோடு இரண்டு ஆப்ஜெக்ட்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய பாதை வடிவத்தைக் கொடுத்துப் பதிவுசெய்யலாம். மெத்தடுக்கு மெத்தட் வரம்பு மாறுமானால், சொந்தமாக ஓர் அனோடேஷன் எழுதிக் கன்ட்ரோலர் மெத்தடின் தலையில் இட்டு, ப்ரீஹேண்டிலின் மூன்றாம் அளவுருவான ஹேண்ட்லரிலிருந்து அதைப் படிக்கலாம். அந்த ஹேண்ட்லரை நேரடியாக ஹேண்ட்லர் மெத்தட் என்று காஸ்ட் செய்துவிடாதீர்கள், படத்துக்கும் சி.எஸ்.எஸ். கோப்புக்கும் வரும் கோரிக்கைகளில் அங்கே இருப்பது வேறு வகை, முகப்புப் பக்கமே உடைந்துபோகும். இன்ஸ்டன்ஸ் ஆஃப் கொண்டு பார்த்த பிறகே தொடுங்கள்.

பாதையிலுள்ள எண்ணை, அதாவது வாடிக்கையாளர் எண் போன்றதை, யூ.ஆர்.எல்.லை வெட்டி எடுக்க வேண்டியதில்லை. இன்டர்செப்டர் இயங்கும்போது எந்தக் கன்ட்ரோலர் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டதால், பாதை மாறிகள் அனைத்தும் ஹேண்ட்லர் மேப்பிங் கிளாஸில் உள்ள யூ.ஆர்.ஐ. டெம்ப்ளேட் வேரியபிள்ஸ் அட்ரிப்யூட் என்ற மாறிலியின் பெயரில் ஒரு மேப்பாகக் கோரிக்கையிலேயே காத்திருக்கும். ஸ்பிரிங்குக்கு முன்னால் ஓடும் ஃபில்டரில் இது கிடைக்காது.

கேள்வி (சோழிங்கநல்லூர் வாசகி): கோரிக்கைக்கு ஆன நேரத்தைக் கணக்கிட்டு, கன்ட்ரோலர் முடிந்த பின் ஓடும் போஸ்ட்ஹேண்டிலில் பதிலின் ஹெடராகச் சேர்க்கிறேன். எச்.டி.எம்.எல். பக்கங்களுக்கு வருகிறது, ஜேசன் பதில்களுக்கு வருவதில்லை.

பதில்: ரெஸ்பான்ஸ் பாடி அனோடேஷனோ ரெஸ்பான்ஸ் என்டிட்டியோ பயன்படும் மெத்தட்களில், பதில் எழுதப்பட்டு வெளியே அனுப்பப்படுவது கன்ட்ரோலரை அழைக்கும் ஹேண்ட்லர் அடாப்டருக்குள்ளேயே நடந்துவிடுகிறது. போஸ்ட்ஹேண்டில் அதன் பிறகுதான் அழைக்கப்படுகிறது. புறப்பட்டுப் போன பதிலில் நீங்கள் சேர்க்கும் ஹெடரைச் சர்வர் சத்தமில்லாமல் விட்டுவிடும். மதிப்பு முன்பே தெரிந்திருந்தால் ப்ரீஹேண்டிலிலேயே ஹெடரைப் போட்டுவிடலாம். பின்னால்தான் தெரியவரும் என்றால், ரெஸ்பான்ஸ் பாடி அட்வைஸ் என்ற இன்டர்ஃபேஸை எழுதுங்கள். உடல் எழுதப்படும் தறுவாயில் அது அழைக்கப்படும், தொடக்க நேரத்தைக் கோரிக்கையின் அட்ரிப்யூட்டிலிருந்து அங்கே எடுத்துக்கொள்ளலாம்.

லாகில் எழுதினாலே போதும் என்றால், கடைசியில் அழைக்கப்படும் ஆஃப்டர் கம்ப்ளீஷனை நாடுங்கள். கன்ட்ரோலர் எக்செப்ஷன் எறிந்தால் போஸ்ட்ஹேண்டில் அழைக்கப்படாது. ஆஃப்டர் கம்ப்ளீஷன் அப்போதும் அழைக்கப்படும். ஸ்பிரிங் பூட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யாரும் கையாளாத எக்செப்ஷன் எழுந்தால், அதே கோரிக்கை பிழைப் பக்கத்தின் பாதைக்கு மறுபடி அனுப்பப்படுவதால், உங்கள் ப்ரீஹேண்டில் இரண்டாம் முறையும் ஓடித் தொடக்க நேரத்தை மாற்றி எழுதிவிடும். எட்டு விநாடி இழுத்துத் தோற்றுப்போன கோரிக்கை லாகில் மறுபடி மூன்று மில்லி விநாடி என்றும் தோன்றுவதன் மர்மம் இதுதான். அட்ரிப்யூட் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஸ்பிரிங் போன்ற இன்னொரு கட்டமைப்பான ஸ்ட்ரட்ஸ் 2இல் எழுதிய பழைய செயலியைப் பராமரிக்கும் வேறொரு வாசகரும் இதே சிக்கலைக் கேட்டிருந்தார். அங்கே இன்டர்செப்டர் என்பது இன்வோக் என்ற ஒரே அழைப்பின் முன்னும் பின்னும் நிரல் எழுதுவது. அந்த அழைப்பு திரும்பி வரும்போது பதிலை உருவாக்கும் ரிசல்ட்டும் எழுதி முடிந்திருக்கும். ஆக்‌ஷன் முடிந்த பிறகு, ரிசல்ட் தொடங்குவதற்கு முன் ஏதேனும் செய்ய வேண்டுமானால், ப்ரீ ரிசல்ட் லிசனர் ஒன்றை இன்வோக்கேஷனில் சேர்க்க வேண்டும். கோரிக்கைக்குரிய மதிப்பை ஆக்‌ஷன் கான்டெக்ஸ்டில் வையுங்கள். ஸ்ட்ரட்ஸ் எக்ஸ்.எம்.எல். கோப்பில் பாராம் என்று எழுதிச் செட்டர் வழியே வருவது, அம்பத்தூர் வாசகருக்குச் சொன்ன வரம்பைப் போன்ற நிலையான அமைப்புக்கு மட்டுமே. ஸ்ட்ரட்ஸிலும் இன்டர்செப்டர் ஆப்ஜெக்ட் எல்லாருக்கும் பொதுவானதுதான்.

கேள்வி (வேளச்சேரி மாணவர்): போஸ்ட்ஹேண்டிலில், பக்கத்துக்கான தரவுத் தொகுப்பாகிய மாடலில் சேர்த்த பயனர் பெயர், சில பக்கங்களில் முகவரிப் பட்டையில் கேள்விக்குறிக்குப் பின்னால் தெரிகிறது. ஏன்?

பதில்: அந்தக் கன்ட்ரோலர் ரீடைரக்ட் செய்கிறது, அதாவது உலாவியை வேறொரு முகவரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ரீடைரக்ட் வியூ தன் மாடலிலுள்ள எளிய மதிப்புகளை யூ.ஆர்.எல்.லில் ஒட்டிவிடும். வியூவின் பெயர் ரீடைரக்ட் என்று தொடங்கினால் எதையும் சேர்க்காமல் திரும்பிவிடுங்கள். ஜேசன் மெத்தட்களில் மாடல் ஆப்ஜெக்ட்டே நல் ஆக வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பக்கத்துக்கு மதிப்பு தேவையென்றால், புதிய கோரிக்கையில் பழைய அட்ரிப்யூட்கள் இருப்பதில்லை என்பதால், அடுத்த கோரிக்கை வரை மட்டும் காக்கப்படும் ஃப்ளாஷ் அட்ரிப்யூட் உதவும்.

கேள்வி (தரமணி வாசகர்): கிளைக் குறியீடு போன்றவற்றை ஒவ்வொரு மெத்தடுக்கும் அளவுருவாகக் கடத்துவது சுமையாக இருப்பதால், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி மதிப்பைக் காக்கும் த்ரெட்லோக்கலில் வைத்து, ஆஃப்டர் கம்ப்ளீஷனில் நீக்கிவிடுகிறோம். இருந்தும் எப்போதாவது பழைய மதிப்பு தட்டுப்படுகிறது. அசிங்க் அனோடேஷன் உள்ள மெத்தட்களில் மதிப்பு கிடைப்பதே இல்லை.

பதில்: நீங்கள் நீக்குவதாக நினைக்கும் இடம் எல்லா வேளையும் ஓடுவதில்லை. ப்ரீஹேண்டில் ஆம் என்று திருப்பித் தந்த இன்டர்செப்டருக்கு மட்டுமே ஆஃப்டர் கம்ப்ளீஷன் அழைக்கப்படும். நீங்கள் முதலில் த்ரெட்லோக்கலில் மதிப்பை வைத்துவிட்டு, அடுத்த வரியில் டோக்கன் காலாவதியாகிவிட்டது என்று கண்டு இல்லை என்று திருப்பியிருந்தாலோ, எக்செப்ஷன் எறிந்திருந்தாலோ, அந்த மதிப்பை நீக்க யாருமில்லை. த்ரெட் தொகுப்புக்குத் திரும்பிப் போய், அடுத்து வரும் யாரோ ஒருவரின் கோரிக்கையை அதே மதிப்போடு சுமக்கும். கன்ட்ரோலர், பிறகு வேறொரு த்ரெட்டில் ஓடவேண்டிய வேலையாகிய காலபிள் ஒன்றைத் திருப்பித் தந்தாலும் இப்படியே: முதல் த்ரெட் விடுபடும்போது போஸ்ட்ஹேண்டிலும் ஆஃப்டர் கம்ப்ளீஷனும் அழைக்கப்படாமல், அவற்றுக்குப் பதிலாக ஆஃப்டர் கன்கரன்ட் ஹேண்ட்லிங் ஸ்டார்ட்டட் என்ற மெத்தட் அழைக்கப்படும். எல்லாச் சரிபார்ப்பும் முடிந்த பிறகு, கடைசி வரியில் மதிப்பை வையுங்கள். ஆஃப்டர் கம்ப்ளீஷன், ஆஃப்டர் கன்கரன்ட் ஹேண்ட்லிங் ஸ்டார்ட்டட் ஆகிய இரண்டு இடங்களிலும் நீக்குங்கள். இதைவிட உறுதியான வழி, ஃபில்டரில் ட்ரை, ஃபைனலி இட்டு நீக்குவது. சங்கிலி முழுவதையும் ஃபில்டர் தன்னுள் அடக்கியிருப்பதால் அங்கே தப்பிக்க இடமில்லை.

அசிங்க் மெத்தட் வேறொரு த்ரெட்டில் ஓடுகிறது, ஆகவே அங்கே உங்கள் த்ரெட்லோக்கல் காலியாக இருப்பது இயல்பு. அதற்காக ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட்டையே அந்த மெத்தடுக்கு அனுப்பிவிடாதீர்கள். பதில் போனதும் டாம்கேட் அந்த ஆப்ஜெக்ட்டைத் துடைத்து மறுபடி பயன்படுத்தும். நீங்கள் படிக்கும்போது அது காலியாகவோ, அதைவிட மோசமாக, இன்னொருவரின் கோரிக்கையாகவோ இருக்கலாம். தேவையான மதிப்பை மட்டும் வெளியே எடுத்து அளவுருவாகக் கொடுங்கள். லாகில் வரும் கோரிக்கை எண் போன்றவற்றுக்கு மட்டும், அசிங்க் வேலைகளை ஓட்டும் எக்ஸிக்யூட்டரில் டாஸ்க் டெகரேட்டர் ஒன்றை அமைத்து, வேலை தொடங்கும் முன் நகலெடுத்து முடிந்ததும் அழிக்கலாம்.

ஜாவா 21 முதல் கிடைக்கும் விர்ச்சுவல் த்ரெட்களுக்கு மாறினால் பழைய மதிப்பு தட்டுப்படும் தொல்லை குறையும், ஏனெனில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய த்ரெட் பிறந்து முடிகிறது. ஜாவா 25இல் நிலைபெற்ற ஸ்கோப்டு வேல்யூவைப் பற்றியும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். ஒரு மதிப்பைக் கட்டி, அந்த எல்லைக்குள் ஒரு லாம்டாவை (பெயரில்லாச் சிறு நிரல்துண்டை) ஓடவிட்டு, வெளியே வந்ததும் தானாக அவிழ்ப்பது அதன் இயல்பு. இன்டர்செப்டரிலோ முன்னால் ஒரு மெத்தட், பின்னால் ஒரு மெத்தட் என்று தனித்தனியாக இருக்கின்றன. கன்ட்ரோலரைச் சுற்றி வளைக்கும் லாம்டா எதுவும் உங்கள் கையில் இல்லை. ஆகவே இதற்கும் நீங்கள் ஃபில்டரைத்தான் நாட வேண்டும். செயின் டூ ஃபில்டர் அழைப்பை அந்த லாம்டாவுக்குள் வையுங்கள். அந்த அழைப்பு எறியும் ஐ.ஓ. எக்செப்ஷன், சர்வ்லெட் எக்செப்ஷன் இரண்டையும் ரன் மெத்தட் வெளியே விடாது என்பதால், அதற்குப் பதிலாகக் கால் மெத்தடைப் பயன்படுத்துங்கள்.